ஊற்று என்று எழுதியவள்

தாவரவியல் பூங்காவில் அவளுக்குப் பெரணிக்காரி என்று பெயர். பதினாறு வருடமாகப் பெரணிக் கூடத்தின் பொறுப்பு அவளிடம் இருந்தது. பூக்காத, காய்க்காத அந்தச் செடிகளைத் தேடி வருகிறவர்கள் குறைவு. வழி தவறி வருகிறவர்களும், "இதுல பூ எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு ரோஜாப் பக்கம் நடையைக் கட்டிவிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தமொன்றும் இல்லை. ஓரிடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாதவளுக்கு அங்கே வேலை ஓயாமல் இருந்தது. தெளிப்பானைத் தட்டுவாள், தொட்டியைத் திருப்பி வைப்பாள், திருப்பியது சரியில்லை என்று மறுபடி திருப்புவாள். வீட்டிலும் அதே கதைதான். தையல் மிஷின் முன்னால் காலையிலிருந்து மாலைவரை அசையாமல் உட்கார்ந்திருக்கும் அவள் கணவன், "நீ ஒரு எடத்துல நின்னா அளவெடுத்து ஒரு சட்டை தச்சுக் குடுப்பேன். நிக்க மாட்டேங்கிறியே" என்பான்.

அந்த வருடம் அவளுடைய நிலைகொள்ளாமைக்குக் காரணம் ஒரு பாறை.

பூங்காவிலிருந்து இருபது நிமிட நடையில், மேட்டுச் சாலை வளைந்து ஏறுகிற இடத்தில், மேல் வளைவுக்கும் கீழ் வளைவுக்கும் நடுவே கருங்கல் பாறை ஒன்று சுவர் மாதிரி நிற்கும். வெயிலோ மழையோ, அதன் இடுக்குகளில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்தவள், பாறையில் பச்சையாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்து, பையைச் சாலையிலேயே போட்டுவிட்டுக் குனிந்தாள். மெல்லிதழ்ப் பெரணி. விரல் நீளம்தான் இருக்கும். இலை, நனைந்த காகிதம் போல. பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரியும். அரை நாள் ஈரம் தவறினால் சுருளும். நாலைந்து நாள் தவறினால் போனது போனதுதான். மலைக்காட்டில் அது இருந்த ஒரே ஓடைக்கரை மண்சரிவில் அழிந்தபிறகு, புத்தகங்களில் அதன் பெயருக்கு எதிரே 'இப்போது இல்லை' என்று போட்டுவிட்டார்கள். இல்லாதது இங்கே, லாரிப் புகை படுகிற தூரத்தில், பதினேழு கொத்தாக இருந்தது. எண்ணி முடிப்பதற்குள் மூன்று தடவை அவளுக்கு எண்ணிக்கை தப்பியது.

அதைப் பற்றி அவள் ஒரு கட்டுரை எழுதினாள். 'பாறையின் இயற்கை ஊற்றை நம்பி வாழ்கிறது' என்பது அதில் ஒரு வரி. பூங்காவின் இயக்குநர் பெயருக்கு முன்னால் அவள் பெயர் அச்சானது அந்த ஒரு தடவைதான்.

பூங்காவில் அதை வளர்த்துவிட என்னென்னவோ செய்து பார்த்தாள். இரண்டு தடவை கொத்தின் ஓரத்திலிருந்து கல்லோடு பெயர்த்து வந்த துண்டுகள் பத்து நாளில் கறுத்தன. வித்துத்தூளை எடுத்து விதைத்தாள், பூஞ்சை மூடியது. மற்றப் பெரணிகளின் தூளைக் காகித உறையில் போட்டு வருடக்கணக்கில் வைத்திருக்கலாம். இதன் தூள் பச்சையாக இருக்கும், உயிரோடு இருப்பது சில நாள்தான். முதிர்ந்த அன்றே எடுத்து, எடுத்த சூட்டோடு விதைக்க வேண்டும். இலை ஓரத்தில் கடுகைவிடச் சிறிய கிண்ணங்களில் அது முதிர்வது வருடத்துக்கு ஒரு தடவை. ஆகவே அந்த மாதம் தினமும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் பாறையடியில் மண்டியிட்டு, உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, கிண்ணங்கள் நிறம் மாறுகின்றனவா என்று பார்ப்பாள். இன்னும் பச்சைதான். பார்த்துவிட்டு நாலடி நடந்து, சந்தேகம் வந்து, திரும்பி வந்து பார்ப்பாள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் தலைக்கு மேலே, சாலையோரத்தில், ஒருவர் இரும்புக் கம்பியை ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். குடிநீர் வாரியத்தின் குழாய்க்காரர். நாலு எட்டு வைப்பார், கம்பியை ஊன்றுவார், கேட்பார். பாறைக்கு நேர் மேலே வந்ததும் வெகுநேரம் நின்றார். பிறகு சுண்ணாம்புக் கட்டியால் சாலையில் ஒரு வட்டம் போட்டார்.

"என்னங்க கேக்குது?" என்றாள் அவள், கீழேயிருந்து.

"பேசுதும்மா" என்றார். "நம்ம லைன்தான். ஏரியிலிருந்து கீழ்த் தொட்டிக்குப் போற பழைய மெயின். இங்க ஒடஞ்சு எத்தன வருஷமாச்சோ."

"இல்லைங்க, இது ஊத்து. பாறைக்குள்ளேருந்து வருது."

அவர் கம்பியை நீட்டி, "வந்து கேளுங்க" என்றார்.

மேலே ஏறிப் போய்க் காதை வைத்தாள். ஒரு பெரிய பாத்திரத்தில் பால் பொங்குகிற மாதிரி, நிற்காத ஒரு இரைச்சல். காதை எடுத்துவிட்டு மறுபடி வைத்துக் கேட்டாள்.

"கோடையிலகூட நிக்காம வந்திருக்குமே?" என்று குழாய்க்காரர் கேட்டார். "ஊத்துன்னா கோடையில மெலியும்மா. இது மெலியாது. எங்க உபயம்."

"எப்ப அடைப்பீங்க?"

"ஒடப்பச் சுத்தி மாட்டுற இரும்புக் காலர் வரணும். வந்த மறுநாள். கீழ்த் தெருக்காரங்க ரெண்டு வருஷமா எழுதிக் குடுத்துட்டே இருக்காங்க, பாவம். இந்தாங்க, பாருங்களேன்." மடித்து வைத்திருந்த மனுவைப் பிரித்துக் காட்டினார். நூற்றிருபது கையெழுத்து. முதலாவது கையெழுத்தைப் பார்த்ததும் அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. வளைந்து, கடைசியில் ஒரு கோடு இழுத்த அந்தக் கையெழுத்தைச் சின்ன வயதில் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிப் பழகியபோது பார்த்திருக்கிறாள். அவளுடைய தங்கையின் கையெழுத்து.

*

தங்கை, கீழ்த் தெருவில் பாறைக்கு மிகப் பக்கத்து வீட்டில் இருந்தாள். பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்டர் வேலை. வீட்டில் மாமனார் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் ஒரு மணிநேரம், நூல் மாதிரி வரும்.

அன்று சாயங்காலம் பெரணிக்காரி சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனாள். போனபோது தங்கை, மாமனாரின் படுக்கை விரிப்பை அரை வாளி நீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

"வாக்கா. உக்காருன்னு சொன்னா உக்காரவா போற? இந்தா, இந்த முனையப் புடி."

இருவரும் விரிப்பை முறுக்கிப் பிழிந்தார்கள். பிழிந்த நீரைத் தங்கை கீழே கொட்டவில்லை. கழிவறைக்கென்று தனியே இருந்த டிரம்மில் ஊற்றினாள்.

"மெயின்ல ஒடப்பு எங்கன்னு கண்டுபிடிச்சுட்டாங்களாம். குழாய்க்காரர் சொல்லிட்டுப் போனார்" என்றாள் தங்கை. "நம்ம மேட்டு வளைவுலதானாம். அடச்சுட்டா ரெண்டு வேளையும் தண்ணி வருமாம். மாமாவ ஒருநாள் தலைக்கு ஊத்திக் குளிப்பாட்டணும். துடச்சுத் துடச்சு அவருக்கே வெறுத்துப் போச்சு."

உள்ளே கட்டிலில் கிடந்தவர், "என்னையப் பத்தித்தான் பேச்சா?" என்று குரல் கொடுத்தார்.

"ஒங்க அழகப் பத்தித்தான்" என்றாள் தங்கை.

பெரணிக்காரி சிரித்தாள். சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள். இரண்டு வாளியைத் தூக்கிப் பின்கட்டில் வைத்தாள், ஏற்கெனவே கூட்டிய கூடத்தை இன்னொரு தடவை கூட்டினாள், கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் கிண்ணங்களைப் பார்த்தாள். பச்சை. இன்னும் மூன்று வாரமாவது ஆகும். வாரிய அலுவலகத்துக்குப் போன் செய்து காலர் வந்துவிட்டதா என்று கேட்டாள். பத்து மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டுக்கு ஒரு தடவை. மூன்றாம் தடவை, எதிர்முனையில் இருந்தவர், "வந்தா ஒங்களுக்குத்தாம்மா மொதல்ல சொல்லுவோம்" என்று வைத்துவிட்டார்.

கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அவள் இயக்குநர் அறைக்குப் போனாள்.

இயக்குநர் கெட்டவர் இல்லை. அந்தப் பாறையைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வேண்டும் என்று ஒன்றரை வருடமாகக் கோப்பை நகர்த்திக்கொண்டிருந்தவர். பாறைக்கு மேலே ரோட்டைத் தோண்டப் போகிறார்கள் என்றதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"எனக்கு மூணு வாரம் போதும் சார்" என்றாள் அவள். "வித்து முதிர்ற வரைக்கும்."

"மூணு வாரம் என்ன, நிரந்தரமா நிறுத்தறேன். இயற்கை வாழிடத்துல கைவைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு." பேனாவை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அது இயற்கை ஊத்துதானே?"

ஒரு வார்த்தைதான். இல்லை என்று சொன்னால் போதும். அவள் மேசைமேல் இருந்த காகித எடையை இடமிருந்து வலமாக நகர்த்தினாள்.

"கட்டுரையில அப்படித்தான் சார் இருக்கு" என்றாள்.

கடிதம் அன்றைக்கே போனது. இரண்டாம் நாள், விசாரணை முடியும்வரை தோண்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. மூன்றாம் நாள் காலர் வந்தது. குழாய்க்காரர் அதை வாரியக் கிடங்கில் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

*

அவள் நினைத்திருந்தது, உத்தரவு வந்தால் மனசு அடங்கும் என்று. அடங்கவில்லை. வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு பாத்திரத்தை வைக்க மறந்தாள். பூங்காவில் ஒரே தொட்டிக்கு இரண்டு தடவை நீர் தெளித்தாள். தங்கையின் போன் வந்தபோதெல்லாம் எடுக்காமல், பிறகு தானே கூப்பிட்டு, "வேலையா இருந்தேன்" என்றாள்.

"என்ன ஆச்சு உனக்கு?" என்று கணவன் கேட்டான். சொன்னாள். அவன் மிஷினை நிறுத்தினான். அவன் மிஷினை நிறுத்திவிட்டுப் பேசுவது அபூர்வம்.

"பொய்யா சொன்ன?"

"பொய் சொல்லல. உண்மையச் சொல்லல."

"எங்க தொழில்ல அது ரெண்டும் ஒரே துணிதான், உள்பக்கம் வெளிப்பக்கம்" என்றான். மறுபடி மிஷினை ஓட்டினான்.

ஐந்தாம் நாள் மத்தியானம் தங்கை பூங்காவுக்கு வந்தாள். பதினாறு வருடத்தில் அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. டிப்போ சீருடையிலேயே பெரணிக் கூடத்துக்குள் நுழைந்து, மூக்குக் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்க மட்டும் மழை பெய்யுது போல" என்றாள், தெளிப்பானை அண்ணாந்து பார்த்து.

பெரணிக்காரி தெளிப்பானை நிறுத்தினாள்.

"தெருவுல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. ஏதோ அபூர்வச் செடியாம், அதுக்காக வேலைய நிறுத்திட்டாங்களாம். கடிதம் குடுத்தது பூங்காவாம். எந்தச் செடின்னு எனக்குத் தெரியும்னு நெனைக்கிறேன்." தங்கையின் குரல் உயரவில்லை. "நீ அன்னைக்கு வீட்டுக்கு வந்தியே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வாளிய தூக்கி வச்சியே. அப்பவா?"

"ஆமா."

தங்கை ஒரு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "எத்தன நாள் வேணும் உனக்கு?"

"மூணு வாரம்னு கேட்டேன். இனிமே பதினாறு, பதினேழு நாள்."

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே வாங்கிக் குடுத்திருப்பேனே. ரெண்டு வருஷம் இழுத்தோம், மூணு வாரம் இழுக்க மாட்டோமா? வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கினவளுக்கு, வீடு வீடாப் போய் மூணு வாரம் பொறுங்கன்னு சொல்லத் தெரியாதா? நீ கேக்கல. நேரா போய்க் கதவச் சாத்திட்டு வந்துட்ட."

பெரணிக்காரி பக்கத்துத் தொட்டியைத் திருப்பி வைத்தாள்.

"அது ஊத்துன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. குழாய்க்காரர் பைப்புங்கறார். எது நெசம்க்கா?"

"பைப்புதான்."

தங்கை எழுந்தாள். சேலையில் ஒட்டிய ஈர மண்ணைத் தட்டினாள். "சரி. எனக்கு ஷிப்ட் இருக்கு" என்று போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. பெரணிக்காரி கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாள். எத்தனை தடவை நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. காவலாளி வந்து பூட்ட வேண்டும் என்று சொன்னபோதுதான் மாலையாகிவிட்டது தெரிந்தது.

*

விசாரணை அதற்கு நாலு நாள் கழித்து. நீளமான அறை, நீளமான மேசை. ஒரு பக்கம் இயக்குநரும் அவளும். எதிரே வாரியத்தின் பொறியாளர், குழாய்க்காரர், தெரு சார்பில் தங்கை. தங்கை அவளைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த தண்ணீர்ப் புட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் பத்து நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார். உலகத்தில் இந்தப் பெரணி இந்த ஒரு பாறையில்தான் இருக்கிறது என்றார். அது உண்மை. விசாரணை அதிகாரி குறித்துக்கொண்டே வந்தவர், "வாரியம் இது கசிவுங்கறாங்க, நீங்க ஊத்துங்கறீங்க" என்றார்.

"ஆதாரம் அச்சுல இருக்கு. எழுதினவங்களே இங்க உக்காந்திருக்காங்க" என்றார் இயக்குநர்.

அவள் எழுந்து நின்றாள். நிற்கத் தேவையில்லை என்று அதிகாரி கையசைத்தார். அவளால் உட்கார முடியவில்லை.

"அது ஊத்து இல்லைங்க. கட்டுரையில நான் எழுதினது தப்பு. சாலைக்கு அடியில போற குழாய் ஒடஞ்சு, அந்தத் தண்ணி பாறை இடுக்கு வழியா வருது. கடிதம் எழுதறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். இயக்குநருக்குத் தெரியாது. அவர் கேட்டப்ப நான் சொல்லல."

இயக்குநரின் முகம் செத்துப் போனது. அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப இந்த விதி இதுக்குப் பொருந்தாது" என்றார். "வாரியம் வேலையத் தொடரலாம்."

"ஒரு வேண்டுகோள்" என்றாள். "அந்தச் செடிக்கு ஊரு தண்ணியெல்லாம் வேண்டாம். பாறை நனஞ்சிருந்தாப் போதும். அப்புறம், வித்து முதிர இன்னும் பத்துப் பன்னெண்டு நாள்…"

"அது நான் முடிவு பண்ற விஷயம் இல்லம்மா. தெருக்காரங்களக் கேளுங்க."

எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள். தங்கை கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரம்" என்றாள் கடைசியில். "அதுக்குமேல என்னால பேச முடியாது. இதுக்கே தெருவுல என்னைய உரிச்சு எடுத்துருவாங்க."

தாழ்வாரத்தில் பெரணிக்காரியைத் தாண்டிப் போன இயக்குநர் நின்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும் சார்."

"ஒன்றரை வருஷக் கோப்பு" என்றார் அவர். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் அவளோடு பேசியதெல்லாம் உதவியாளர் மூலமாகத்தான்.

குழாய்க்காரர் மட்டும் படியிறங்கும்போது கூடவே வந்தார். "காலர் போடறப்ப ஒரு அரை அங்குல வால்வு வச்சு, குட்டிக் குழாய் ஒண்ணு எடுத்து விடலாம். சொட்டுச் சொட்டா பாறைமேல விழும். பொறியாளர்கிட்ட நான் பேசறேன். இந்த லைன்ல மருந்து கலக்கறது இல்ல, ஏரித் தண்ணி அப்படியே வருது. ஒங்க செடிக்கு அதிர்ஷ்டம்."

*

அந்த ஏழு நாளும் அவள் காலையும் மாலையும் பாறையடியில் கிடந்தாள். நாலாம் நாள், மேல் வரிசையில் ஒரு கொத்தில் கிண்ணங்களின் விளிம்பு பழுப்பாகியிருந்தது. ஐந்தாம் நாள் வெடிக்கவில்லை. ஆறாம் நாள் இரண்டு கொத்துகளில் முதிர்ந்த இலைகளைக் கத்தரித்து, ஈரத்தாள் விரித்த டப்பாவில் வைத்து, கிட்டத்தட்ட ஓடியே பூங்காவுக்குப் போனாள். மதியத்துக்குள் இருபது கண்ணாடித் தட்டுகளில் விதைத்தாகிவிட்டது. மற்றப் பதினைந்து கொத்துகளிலும் கிண்ணங்கள் பச்சையாகவே இருந்தன. இன்னும் ஐந்து நாள் கிடைத்திருந்தால் ஆறேழு கொத்தாவது சேர்ந்திருக்கும். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

ஏழாம் நாள் காலையில் மெயினை மூடிவிட்டுத் தோண்ட ஆரம்பித்தார்கள். அவள் கணவன் கடையைச் சாத்திவிட்டு வந்தான். பழைய பருத்தித் துணிகளை ஒட்டுப்போட்டுப் பாறை அகலத்துக்கு ஒரு திரை தைத்துக் கொண்டுவந்திருந்தான்; இருவருமாக அதை மேலிருந்து தொங்கவிட்டார்கள். அதை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பூங்காவிலிருந்து கொண்டுவந்த நாலு குடம் பதினொரு மணிக்குத் தீர்ந்துவிட்டது. மேலே காலர் பழைய குழாயில் சரியாக உட்காரவில்லை. குழாய்க்காரர் குழிக்குள் இடுப்பளவு சேற்றில் நின்று யாரையோ, எதையோ திட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. துணி காய ஆரம்பித்தது.

அப்போது கீழ்த் தெருவிலிருந்து தங்கை மேடேறி வந்தாள். கையில் முக்கால் வாளித் தண்ணீர். வந்தவள் குவளையால் மொண்டு திரையின் மேல்விளிம்பில் ஊற்றினாள்.

"மாமாவுக்கு வச்சிருந்ததா?" என்று பெரணிக்காரி கேட்டாள்.

"அவர்தான் குடுத்தனுப்பினார். 'ரெண்டு வருஷம் பொறுத்தவன் இன்னைக்கு ஒருநாள் பொறுக்க மாட்டேனா'ங்கறார். பெரிய மனசுதான். நாளைக்கு ரெண்டு வேளையும் குளிக்கப் போறாராம்." இன்னொரு குவளை ஊற்றினாள். "நான் இன்னும் உம்மேல கோவமாத்தான் இருக்கேன். தெரிஞ்சுக்க."

"தெரியுது."

"அது எந்தச் செடின்னு காட்டுக்கா. இவ்வளவு அடிச்சுக்கிட்டோம், பாக்கவேயில்ல நான்."

பெரணிக்காரி திரையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டி, உருப்பெருக்கியைக் கொடுத்தாள். தங்கை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இதுவா?" என்றாள். "பாசின்னு நெனச்சு நானே சுரண்டியிருப்பேன்." பிறகு, உருப்பெருக்கியைத் திருப்பிக் கொடுக்காமலே, "இலைக்குள்ள வெளிச்சமே ஊடுருவுதே" என்றாள்.

மூன்று மணிக்குக் காலர் உட்கார்ந்தது. வால்வைத் திறந்ததும் குட்டிக் குழாயிலிருந்து நீர் சொட்டியது. கீழ்த் தெருவில் யாரோ பாத்திரத்தைத் தட்டுகிற சத்தமும், பிறகு நிறையப் பாத்திரச் சத்தமும் மேலே கேட்டன.

ஆனால் எல்லாரும் நினைத்தபடி பாறை நனையவில்லை. இத்தனை வருடமும் தண்ணீர் உள்ளேயிருந்து இடுக்குகள் வழியாக வந்தது. இப்போது வெளியே மேலிருந்து ஒரே கோடாக வழிந்தது. இடது பக்கம் குளித்தது, வலது பக்கம் காய்ந்தது. மறுநாளே வலது பக்கக் கொத்துகள் சுருண்டன. குழாய்க்காரர் குழாயை இடம் மாற்றினார்; மறுபடி மாற்றினார். மூன்றாம் தடவை, பாறையின் உச்சியில் இருந்த ஒரு வெடிப்புக்குள்ளேயே குழாய் முனையைச் செருகிச் சிமெண்ட் பூசினார். அதற்குப் பிறகு பாறை மெல்ல உள்ளிருந்து ஈரமானது. அதற்குள் பதினேழில் எட்டு போய்விட்டன. அடுத்த மாதம் இன்னும் இரண்டு. விசாரணையில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பதினேழும் இருந்திருக்கும் என்ற எண்ணம் அவளுக்கு வராமலில்லை. பஸ்ஸில், சமையலறையில், பேச்சின் நடுவில் வரும். வந்தால் எழுந்து ஏதாவது வேலை செய்வாள்.

தட்டுகளின் கதையும் அதேதான். இருபதில் பதினொன்றைப் பூஞ்சை தின்றது. சிலவற்றில் ஒன்றுமே முளைக்கவில்லை. நாலு தட்டில் மட்டும், ஐந்தாறு வாரம் கழித்து, பச்சை நூலைக் கிள்ளிப் போட்ட மாதிரி ஏதோ படர்ந்தது. அது செடி இல்லை, செடிக்கு முந்தின நிலை. அந்த நூல் நாடாவாகி, அந்த நாடாவில் கரு கூடி, அதிலிருந்துதான் பெரணி எழும்ப வேண்டும். ஆறு மாதம் ஆகலாம், ஒன்றரை வருடமும் ஆகலாம். மூடியைத் திறந்தால் பூஞ்சை நுழையும் என்பதால் திறக்கக் கூடாது. அவள் வளர்ப்பறைக்குப் போவாள், மூடிக்கு மேலேயே குனிந்து பார்ப்பாள், வெளியே வருவாள், ஏதோ விட்டுப்போன மாதிரி மறுபடி போவாள்.

வால்வு தங்கையின் பொறுப்பாயிற்று. யாரும் கொடுக்கவில்லை, வீடு பக்கத்தில் என்று குழாய்க்காரர் சாவியை அவளிடம் விட்டுப்போனார். காலையில் டிப்போவுக்குப் போகுமுன் மேடேறிச் சொட்டு விழுகிறதா என்று பார்ப்பாள். கோடையில் வாரியம் நீரைக் குறைத்தபோது, அந்தச் சொட்டையும் மூடிவிடலாமே என்று தெருவில் நாலைந்து பேர் சொன்னார்களாம். "சொன்னவங்க வாய மூடினேன்" என்று மட்டும் போனில் சொன்னாள். எப்படி என்று சொல்லவில்லை.

விதைத்த பதினாலாம் மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில், மூன்றாம் எண் தட்டில் பச்சைப் படலத்துக்கு நடுவே ஒரு புள்ளி நிமிர்ந்து நின்றது. உருப்பெருக்கியை வைத்தாள். புள்ளி இல்லை, நுனி சுருண்ட ஒரு இலை. பக்கத்தில் இன்னொன்று. அவள் எட்டு தடவை மூடிக்கு மேல் குனிந்து நிமிர்ந்தாள். பிறகு உதவியாளர் யாரையும் தேடாமல் நேரே இயக்குநர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

"சார், வந்து பாக்கறீங்களா?"

அவர் எதை என்று கேட்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"எப்ப தொட்டிக்கு மாத்தலாம்?" என்றார்.

"நாலு மாசம் ஆகும் சார். மாத்தினாலும் பிழைக்குமான்னு சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதுதான்" என்றார். பிறகு போகும்போது, "கட்டுரைக்கு ஒரு திருத்தம் எழுதிக் கொண்டுவாங்க. அந்தப் பைப்பையும் சேத்து. ரெண்டு பேர் பேருலயும் போடலாம்" என்றார்.

அவள் தங்கைக்குப் போன் செய்தாள். கவுண்டரில் வரிசை நிற்கிற சத்தம் கேட்டது.

"ரெண்டு இலை வந்திருக்கு" என்றாள்.

"ரெண்டுதானா?" என்றாள் தங்கை. யாருக்கோ சில்லறை கொடுத்துவிட்டு மறுபடி பேசினாள். "சரி, நான் சாயங்காலம் வந்து பாக்கறேன். தொறந்து கிறந்து தொலைக்காத. நீ உக்காரு கொஞ்சம்."

உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வளர்ப்பறையில் நாற்காலி ஒன்று இருந்தது. அதன்மேல் இருந்த காகிதங்களை எடுத்து அலமாரியில் வைத்தாள், அலமாரியின் தூசியைத் துடைத்தாள், நாலாம் எண் தட்டையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனாள்.